டிராக்டர்காரி

குஞ்ஞம்பு,
செவ்வாய்ப்பேட்டை வாசகசாலையில்
இன்று ஒரு படம் பார்த்தேன்.
நாலாம் பக்கம், வெல்ல மண்டி விலைக்கு மேலே.
ஏதோ ஒரு பைன் மரக் காட்டில்
குழி தோண்டியிருக்கிறார்கள்.
எலும்பு. ரப்பர் செருப்பு. பல் போன ஒரு சீப்பு.
ஐம்பது வருடம் முந்திய குழியாம்.
ஊர்ப் பெயர் என் வாயில் நுழையவில்லை.
நீயென்றால் சொல்லியிருப்பாய்.
அந்த நாட்டு ஊர்களையெல்லாம்
அத்தை பிள்ளைகளைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுவாய்.

நமக்கு இருந்தது ஒரே ஒரு தாள்.
உப்பு மடித்து உள்ளே வந்தது.
கோதுமைக் காடு, டிராக்டர் மேல் ஒரு பெண்,
தலையில் முக்காடு, பல் தெரியச் சிரிப்பு.
உப்புப் பட்டு ஒரு கன்னம் பொரிந்திருந்தது.
லாக்கப் மணி அடித்த பிறகு
பாய்க்கு அடியிலிருந்து அதை எடுப்பாய்.
"அவிடெ ஜெயிலே இல்லெடா, சடையா."
நான் வெள்ளக்கல் காட்டு ஆள்,
இமை வரைக்கும் சுண்ணாம்பு படிந்தவன்.
ஜெயில் இல்லாவிட்டால்
பூட்டு செய்கிறவன் என்னடா செய்வான் என்று கேட்டேன்.
நீ சிரித்த சிரிப்பில்
வார்டர் வந்து கம்பியைத் தட்டினான்.

தொப்பி போடு என்றார்கள்.
கைதித் தொப்பி, அரையணாத் துணி.
போட்டுத் தொலைத்திருந்தால்
கண்ணூரில் பீடி சுற்றிக்கொண்டு
இருமிக்கொண்டு இருந்திருப்பாய்.

பிப்ரவரி மாதம். கஞ்சிச் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தோம்.
முதலில் விசில். பிறகு தடி.
பிறகு எல்லாச் சுவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தன.
நீ என் மேல் விழுந்தாய்.
வேண்டுமென்று விழுந்தாயா, தடுக்கி விழுந்தாயா?
பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.
உன் கனம் மட்டும் எனக்குச் சரியாகத் தெரியும்:
அரை மூட்டை நெல்.
உன் சூடு ஆறுகிற வரை அசையாமல் கிடந்தேன்.
ஒரு பூட்ஸ் வந்து காதருகே நின்றது.
யோசித்தது.
போயிற்று.
உன் மடியிலிருந்து தாளை அப்போதுதான் எடுத்தேன்.

அப்புறம் விடுதலை, கல்யாணம், முட்டிவலி.
ஏற்காட்டில் காப்பித் தோட்டக் காவல் ஒன்பது வருடம்.
மார்கழிப் பனியில் ஊரே மப்ளர் சுற்றிக்கொண்டு நிற்கும்,
நான் வெறுந்தலை.
சாமிக்கு வேண்டுதலா என்பார்கள்.
ஆமாம் என்பேன்.

இப்போது இந்தப் பேப்பர்.
நம் ஆட்களிடம் காட்டினேன்.
ஒருவர், எல்லாம் புளுகு என்றார்.
ஒருவர் தலையைக் குனிந்து டீயை ஆற்றினார்,
ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தார்.
எனக்குக் கோபம் வரவில்லை.
எனக்கு அந்தச் சீப்புதான்.
அதில் தலை வாரியவனுக்கும்
பக்கத்துப் பாயில் ஒருத்தன் இருந்திருப்பான்.
அவனிடமும் ஏதாவது ஒரு தாள் இருந்திருக்கும்,
மாமரமோ வெயிலோ போட்டது.
தெற்கே எங்கோ ஒரு நாடு, அங்கே ஜெயிலே இல்லையாம்
என்று காதோடு சொல்லியிருப்பான்.
நம்மைத்தான் சொன்னானோ, குஞ்ஞம்பு?

டிராக்டர்காரி என்ன ஆனாள்?
இருந்தால் எழுபது தாண்டியிருக்கும்.
அவள் வீட்டுக் கதவையும் ஒரு ராத்திரி...
வேண்டாம்.
அவளுக்கு முட்டி வலிக்கட்டும்.
மருமகளோடு சண்டை போடட்டும்.

விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார் நூலகர்.
இருமுகிற சாக்கில் படத்தைக் கிழித்துவிட்டேன்.
இந்த வயதில் முதல் திருட்டு.
சட்டைப்பையில் இருக்கிறது.
உன் தாள் தகரப் பெட்டியில் இருக்கிறது, வேட்டிக்கு அடியில்.
இரண்டையும் ஒன்றாக வைக்கலாமா
என்று உன்னைக் கேட்காமல்
பெட்டியைத் திறக்க வரவில்லை.
சாவி கையில்.
மணி பத்தாகிவிட்டது.